எண்பத்து மூணு மூட்டை நெல்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும்.

1995-ல் 'சேகா மெகா டிரைவ்' என்ற வீடியோ கேம் பெட்டி நம் நாட்டுக்கு முறைப்படி விற்பனைக்கு வந்தது. விலை 18,000 ரூபாய். 1995-96-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 360 ரூபாய். வகுத்தால் ஐம்பது குவிண்டால். அறுபது கிலோ மூட்டையாக எண்ணினால் எண்பத்து மூணு மூட்டை! ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டாலே, 'இந்த வருஷம் பரவாயில்லை' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற ஊர் தஞ்சாவூர். உழவு, உரம், நடவாள் கூலி, அறுப்புக் கூலி எதையும் கழிக்காமல் கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் விளைச்சலை அப்படியே வண்டியில் ஏற்றி அனுப்பினால்தான், திருவையாற்றுப் பையன் ஒருவன் நீல நிற முள்ளெலி ஒன்று டி.வி.யில் குதித்து ஓடுவதைப் பார்க்கலாம்.

அதுவும் எந்த வருஷம்? காவிரியில் தண்ணீர் வராத வருஷம். நடுவர் மன்றம் 11 டி.எம்.சி. விடச் சொல்ல, பிரதமர் நரசிம்ம ராவ் அதை 6 டி.எம்.சி.யாகக் குறைத்துப் பஞ்சாயத்து பண்ணி முடித்த வருஷம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வீடியோ கேம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கோஷ்டி ஒரே பல்லவியைப் பாடும். "இந்தியாவில் அந்தத் தொழில் தலையெடுக்காமல் போனதற்குக் காரணம் பைரஸி சார். நம்ம ஜனங்களுக்குக் காசு கொடுத்து வாங்குற பழக்கமே கிடையாது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது பொய். இருபது, முப்பது வருஷமாகச் சொல்லப்படுவதால் உண்மை மாதிரி தெரிகிற பொய்.

சேகா யார்? ஜப்பான் கம்பெனி என்று நினைப்போம். ஆரம்பித்தவர்கள் அமெரிக்கர்கள். ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின் விற்றவர்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குக் கிடுக்கிப்பிடி போட்டதும், ஜப்பானுக்குக் கடை மாறினார்கள். 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் 'சேகா'. இந்தச் சூதாட்ட ஆரம்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

1988-ல் ஜப்பானில் மெகா டிரைவ் வந்தது. அப்போது வீடியோ கேம் என்றால் நிண்டெண்டோ, நிண்டெண்டோ என்றால் வீடியோ கேம். அமெரிக்கக் கிளைக்கு டாம் கலின்ஸ்கி என்பவரைப் பிடித்துப் போட்டார்கள். பார்பி பொம்மை விற்ற மனிதர். வந்தவுடன் என்ன செய்தார்? விலையை 149 டாலராகக் குறைத்தார். நல்ல விளையாட்டான 'சோனிக்'கைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார். தலைமையகத்தில் பெரிய தலைகள் முகம் சுளித்தார்களாம். ஆனாலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் நிண்டெண்டோவையே முந்தினார்கள். உலகம் முழுக்க சுமார் மூன்று கோடி பெட்டிகள் போயின. விலையைக் குறை, நல்ல பொருளைக் கொடு. இவ்வளவுதான் சூத்திரம். கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பிறகு மூளை குழம்பியது. 1994 நவம்பரில், மெகா டிரைவ் தலையில் செருகிக்கொள்ள '32எக்ஸ்' என்று ஒரு துணைப்பெட்டி விற்றார்கள். அதே மாதம் ஜப்பானில் 'சாட்டர்ன்' என்ற புத்தம் புதுப் பெட்டி! துணைப்பெட்டிக்குக் காசைக் கொட்டியவன் வாயில் மண். 1995 மே 11-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வர வேண்டிய சாட்டர்ன் 'இப்போதே கடைகளில் இருக்கிறது' என்று அறிவித்தார்கள். எந்தக் கடைகளில்? தேர்ந்தெடுத்த நான்கு கடைத் தொடர்களில் மட்டும். மற்ற வியாபாரிகளுக்குத் தகவலே இல்லை. கடுப்பான கே.பி. டாய்ஸ் சேகா சரக்கையே ஒதுக்கியது. விலை 399 டாலர். அதே கண்காட்சியில் சோனியின் ஆள் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளே ஸ்டேஷன் விலை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆளை ஏமாற்றினால் அடுத்த முறை வர மாட்டான். 1998-ல் ஜப்பானில் 'டிரீம்காஸ்ட்' வந்தபோது அது நிஜமாகவே நல்ல பெட்டி. தொலைபேசி இணைப்பில் இணையத்தில் ஆடும் வசதி அப்போதே உண்டு. ஆனாலும் 2001 ஜனவரி 31-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஒரு கோடி பெட்டிகூட விற்கவில்லை. கம்பெனியைக் காப்பாற்றத் தலைவர் இசாவ் ஒகாவா தன் சொந்தப் பங்குகளைச் சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புக்கு அள்ளிக் கொடுத்தார். அந்த மார்ச்சிலேயே காலமானார். அந்த மனிதரை நினைத்தால் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை.

"டிரீம்காஸ்ட் டிஸ்கைக் காப்பி அடிச்சுட்டாங்களே?" அடித்தார்கள். பிளே ஸ்டேஷன் டிஸ்கையும்தான் மூலைக்கு மூலை காப்பி அடித்தார்கள். அது பத்துக் கோடிக்கு மேல் விற்றதே, எப்படி?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1995-ல் சேகா இங்கே யாரோடு கைகோத்தது தெரியுமா? ஷா வாலஸ். ஆமாம், ஹேவர்ட்ஸ் பீரும் டைரக்டர்ஸ் ஸ்பெஷல் விஸ்கியும் விற்ற அதே ஷா வாலஸ்தான். (2005-ல் விஜய் மல்லையா வாங்கிப் போட்டுக்கொண்டார்.) அப்பா குடிப்பதற்கும் பிள்ளை விளையாடுவதற்கும் ஒரே கம்பெனி! இறக்குமதி வரி 80 சதவிகிதம். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் இந்தக் கூட்டு என்றார்கள். சரி, தவிர்த்தார்களா?

இன்னொரு மனக்கணக்கு. கலின்ஸ்கி 1991-ல் வைத்த 149 டாலரையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் டாலர் சுமார் 32 ரூபாய். பெட்டி விலை 4,768 ரூபாய். அதன் மேல் 80 சதவிகிதத்தை முழுசாகக் கட்டினாலும் 8,600-ஐத் தாண்டாது. விற்றதோ 18,000-க்கு! மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் எந்த வயலில் விளைந்தது? இதில் கொடுமை, உலகம் சாட்டர்னுக்கு மாறிக்கொண்டிருந்தபோது நமக்கு வந்தது ஏழு வருஷப் பழசு. தஞ்சாவூர்க்காரனுக்குப் பழைய அரிசி என்றால் மதிப்பு உண்டு. மெஷினுக்கும் அப்படியே என்று நினைத்தார்களோ என்னவோ.

பையன்கள் என்ன செய்தார்கள்? கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் சிங்கப்பூர், வளைகுடா சம்பாத்தியம் உள்ள வீடுகளுக்கு சூட்கேஸில் பெட்டி வந்தது. மற்றவர்களுக்கு பர்மா பஜார் சரக்கு. '99,999 விளையாட்டுகள்' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே எண்ணினால் பத்தோ பதினைந்தோ, அவையே திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா. அதையும் வாங்க முடியாதவர்கள் தெருமுனைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடினார்கள். இதைத்தான் பைரஸி என்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். அந்தப் போலிப் பெட்டிகள் பெரும்பாலும் யாருடைய காப்பி? நிண்டெண்டோவின் 1983-ஆம் வருஷத்துப் பெட்டியின் காப்பி. களவு போனது நிண்டெண்டோ வீட்டில், ஒப்பாரி சேகா வீட்டில்! அவ்வளவு களவு கொடுத்த நிண்டெண்டோ இன்றைக்கும் பெட்டி செய்து கோடிக்கணக்கில் விற்கிறது.

"ஏழை நாடு சார், வேறென்ன செய்ய முடியும்?" என்பவர்கள் பிரேசிலைப் பாருங்கள். அங்கேயும் வரிச் சுவர் உண்டு, காப்பியும் உண்டு. ஆனால் அங்கே சேகா கைகோத்தது 1987-ல் ஆரம்பித்த டெக்டாய் என்ற பொம்மைக் கம்பெனியோடு. மனாஸ் நகரில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்கள். விளையாட்டில் வரும் வசனங்களைப் போர்த்துக்கீசிய மொழியில் மாற்றினார்கள். ஜப்பான் விளையாட்டின் கதாநாயகனைத் தூக்கிவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மோனிகா என்ற காமிக்ஸ் சிறுமியை உள்ளே வைத்தார்கள். ஜப்பானில் செத்துப்போன 'மாஸ்டர் சிஸ்டம்' அங்கே 2016 வரைக்குமே 80 லட்சம் விற்றதாகக் கணக்கு.

நமக்கு அப்படி ஒரு வரி தமிழ் அந்தத் திரையில் வந்ததா? பல்லாங்குழியும் ஆடு புலி ஆட்டமும் திண்ணையில் கீறி ஆடிய ஊர். புலியை எப்படி மடக்குவது என்று பாட்டிகளுக்கே தெரியும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அரசாங்கத்துக்கு விளையாட்டு என்றால் ஆடம்பரம். ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் கேம் பெட்டிக்கு 28 சதவிகிதம். 2018 டிசம்பரில்தான் மனசு இறங்கி 18 ஆக்கினார்கள். நம் முதலாளிகளுக்கோ விளையாட்டு என்றால் ரம்மி. குடும்பங்கள் அழிந்து, உயிர்கள் போய், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சேகாவும் 2004-ல் 'சாமி' என்ற கம்பெனியோடு சேர்ந்தது. ஆன்மிகம் இல்லை, பச்சிங்கோ சூதாட்ட மெஷின் செய்கிற கம்பெனி.

"டெல்டாவில் இதற்கெல்லாம் மார்க்கெட் ஏது?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். 2006-ல் ஆரம்பித்து ஐந்து வருஷத்தில், தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டி.வி.க்களை இலவசமாகக் கொடுத்தது. கீற்றுக் கொட்டகையில்கூடத் திரை வந்தது. வெளிப் பெட்டியையும் அதில் இணைக்கலாம். அதில் செருகப்பட்டவை டி.வி.டி. பிளேயரும் அந்த 99,999 பெட்டியும்தான்.