சைலன்ற்ல போட யாருக்கு உரிமை இருக்கு?

இரவு ஒன்பதே முக்கால். கை சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கிறது. வேலைக் குறூப்பில் மெசேஜ் விழுகிறது: "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு முதல் எல்லாரும் ரிப்போர்ட் அனுப்பவும்." ஒரு நிமிசத்துக்குள் ஒருத்தர் "நோட்டட் சேர்" போடுவார். பிறகு இன்னொருத்தர். அப்படியே வரிசையாகப் பன்னிரண்டு "நோட்டட் சேர்". பதின்மூன்றாவது ஆள் நாங்கள் என்றால், கை கழுவ முதலே போனைத் தூக்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னால் உடனே ஆராவது வந்து, "நோட்டிபிகேசனை ஓஃப் பண்ணுங்கோ தம்பி, வாழ்க்கையே மாறும்" என்பார்கள். டிஜிட்டல் டீட்டொக்ஸ், காலமை ஒரு மணித்தியாலம் போனில்லாமல், படுக்கையறைக்குள் போன் கொண்டுபோகாதே. எங்களுக்கு இந்த உபதேசத்தில் சரியான கோபம் இருக்கிறது. ஓஃப் பண்ணத் தெரியாமல் நாங்கள் இருக்கவில்லை.

வட்ஸ்அப்பில் ஒரு குறூப்பை எட்டு மணித்தியாலத்துக்கோ, ஒரு கிழமைக்கோ, ஒரேயடியாகவோ மியூட் பண்ணலாம். அன்ட்ரொயிட் 13 வந்த 2022இலிருந்து, புதிதாகப் போடுகிற அப் எங்களிடம் கேட்டுத்தான் நோட்டிபிகேசன் அனுப்ப முடியும். "டு நொட் டிஸ்ரேப்" போட்டாலும், வீட்டாக்களின் கோல் மட்டும் வரட்டும் என்று விட்டு வைக்கலாம். எல்லாம் தெரியும்.

போன மாதம் நாங்கள் ஆறு பேர் ஒரு பின்னேரம் இருந்து, ஆளுக்காள் செற்றிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக நிப்பாட்டிப் பார்த்தோம். விளையாட்டு அப்கள் முதலில் போயின. சாப்பாட்டு டிலிவரி, தள்ளுபடி, "நீங்கள் எங்களை மறந்திட்டீங்களா?" என்று கெஞ்சுகிற மொழி படிப்பிக்கிற அப், எல்லாம் பத்து நிமிசத்தில் முடிஞ்சுது. கடைசியில் ஆறு போனிலும் மிஞ்சினது ஒன்றுதான்: மேலதிகாரி இருக்கிற குறூப். அதில் மட்டும் ஆருக்கும் விரல் போகவில்லை. ஒருத்தி இன்னும் பயிற்சிக் காலத்தில் இருக்கிறா. இன்னொருத்தனின் கொன்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்கிறவர்தான் அந்த ஒன்பதே முக்கால் மெசேஜையும் போடுகிறவர்.

சரி, சத்தத்தை மட்டும் நிப்பாட்டுவோம் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு பொறி. புளூ டிக் 2014 நவம்பரில் வந்தது. ஆக்கள் சத்தம் போட்ட பிறகு அதை அணைத்து வைக்கிற வசதியையும் தந்தார்கள். ஆனால் அந்த வசதி தனி உரையாடலுக்கு மட்டும்தான். குறூப்பில் அது வேலை செய்யாது. மெசேஜ் போட்டவர் அதை அழுத்திப் பிடித்து விபரத்தைப் பார்த்தால், ஆர் ஆர் வாசித்தது, எத்தனை மணிக்கு என்று பெயர்ப்பட்டியலே வரும். பள்ளிக்கூட இடாப்பு மாதிரி. அதனால் நாங்கள் என்ன செய்கிறோம்? குறூப்பைத் திறக்காமல், மேலே எட்டிப் பார்க்கிற நோட்டிபிகேசனிலேயே வாசிக்கிறோம். அப்படி வாசித்தால் டிக் நீலமாகாது. எதை ஓஃப் பண்ணச் சொல்லுகிறார்களோ, அதுதான் இப்போது எங்களுக்கு ஒளித்து நிற்க இருக்கிற ஒரே மறைப்பு. செற்றிங்ஸில் இதுக்குத் தீர்வு இல்லை.

எங்களுடைய கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டையது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதுக்கு மேலே வேலை என்றால் மேலதிகக் கொடுப்பனவு. கதவைப் பூட்டினால் வேலை முடிஞ்சுது என்று இருந்த காலத்துச் சட்டம் அது. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் கந்தோர் வந்து குந்தியிருக்கும் என்று 1954இல் ஆரும் நினைத்திருக்க முடியாது. பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கிற உரிமை 2017இலேயே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டில் வந்தது. இங்கே இதைப் பற்றிக் கதைத்தால், "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வேலை செய்ய ஏலாது" என்ற பேச்சுத்தான் கிடைக்கும்.

ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்ளுகிறோம். 2022இல், மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போன நாட்களில், எந்த ஷெட்டில் பெற்றோல் வந்திருக்கு, எங்கே காஸ் குடுக்கிறாங்கள் என்று சொன்னது இதே குறூப்புகள்தான். அப்போது ஒரு டிங் சத்தத்துக்காகத் தவம் கிடந்தோம். அதை மறக்கவில்லை. ஆனால் பெற்றோல் வந்த செய்தியும் எக்செல் ஷீற்றில் நிறம் மாத்துகிற செய்தியும் ஒரே அவசரமா?

எங்களையும் விட்டு வைக்கக் கூடாது. "ஒன்லைன்ல நிண்டனி, ஏன் ரிப்ளை பண்ணேல்ல?" என்று சிநேகிதர்களைக் குடைகிறவர்கள் நாங்கள்தான். பெட்டையளிடம் இந்தக் கேள்வி இன்னும் மோசமாக வரும். இரவு பதினொரு மணிக்கு "ஒன்லைன்" என்று காட்டினால் காதலன் கேட்பான், அண்ணா கேட்பான், கனடாவிலிருந்து மாமியும் கேட்பா. அங்கே அப்போது மத்தியானம். பதில் போடாமல் இருந்தால் திமிர், போட்டால் "இந்த நேரத்தில முழிச்சிருந்து ஆரோட கதைக்கிறாய்?" சேர் செய்கிற வேலையைத்தான் நாங்களும் வேறு குறூப்பில் செய்துகொண்டிருக்கிறோம், சம்பளம் குடுக்காமல்.

அதனால் எங்கள் வாசிப்பு வட்டக் குறூப்பில் இப்போது ஒரு விதி இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆரும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அவசரம் என்றால் கோல் எடு. கோல் எடுக்கிற அளவுக்கு அவசரமில்லை என்றால் காலமை வரைக்கும் அது தாங்கும். "நோட்டட்" போடத் தேவையில்லை. இதையே வேலைத்தளங்களிலும் எழுத்தில் தாங்கோ என்று கேட்கிறோம். நியமனக் கடிதத்தில் வேலை நேரம் இருக்கிற அதே பக்கத்தில் இந்த வரியும் இருக்கட்டும். தனித்தனியாகக் கேட்டால் பெயர் கெடும். ஒரு குறூப்பில் பதின்மூன்று பேர் இருந்தால், பதின்மூன்று பேரும் சேர்ந்து கேட்கலாம். "நோட்டட் சேர்" என்று வரிசையாகப் போடத் தெரிந்த எங்களுக்கு இது ஏலாத காரியமில்லை.