எல்லோருக்கும் சம்பளம் ஏறியாச்சு... ஏறாத ஒருத்தர் யாரைக் கேட்கிறது?

மாதத்தின் கடைசி வேலை நாள். தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்றால் ஒரு கேள்வி காதில் விழும்: "சம்பளம் ஏறிடுச்சா?" போனை எடுத்துப் பார்ப்பார்கள். மெசேஜ் வந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை, மெசேஜ் வராத அந்த ஒருத்தரைப் பற்றியது.

அது என்ன ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ்.?

தமிழக அரசு ஊழியர்களின் சம்பளமும் பணி விவரங்களும் இப்போது ஒரே மென்பொருளில் இருக்கின்றன. அரசு ஆவணங்களில் இதன் பெயர் 'ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம்'. ஊழியர்கள் வாயில் 'ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ்.'. சுமார் 9 லட்சம் அரசு ஊழியர்களையும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களையும் கணக்கில் கொண்டு, ரூ.288.91 கோடி மதிப்பில் விப்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட திட்டம் இது. கருவூலக் கணக்குத் துறை இதை நடத்துகிறது. 2018-ல் மாவட்டம் மாவட்டமாகப் பயிற்சிகள் நடந்தன. 2019 தொடக்கத்தில் முறைப்படி தொடங்கப்பட்டு, படிப்படியாக அலுவலகங்களுக்கு வந்தது. இன்று ஊழியர்கள் போனில் வைத்திருக்கும் 'களஞ்சியம்' செயலி இந்தக் கட்டமைப்பின் முகம்தான்.

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. "எங்க எச்ஆர் போர்ட்டல்ல எல்லாமே இருக்கே" என்பீர்கள். ஆனால் அரசு அலுவலகம் எங்கிருந்து இங்கே வந்தது என்று பார்க்க வேண்டும்.

முன்னாடி எப்படி இருந்துச்சு?

மாதம் பிறந்ததும் அலுவலக எழுத்தர் சம்பளப் பட்டியல் தயாரிப்பார். 'பணம் பெற்று வழங்கும் அலுவலர்' என்ற பொறுப்பில் இருக்கும் அதிகாரி கையெழுத்துப் போடுவார். பட்டியல் கருவூலத்துக்குப் போகும். டோக்கன் போடுவார்கள். ஆட்சேபணை இருந்தால் திரும்பி வரும். சரிசெய்து மறுபடி எடுத்துப்போக வேண்டும். பின்னாளில் இணையவழிப் பட்டியல் வந்தது. ஆனாலும் சம்பளக் கணக்கு ஒரு இடத்திலும், பணி வரலாறு இன்னொரு இடத்திலும்தான் கிடந்தன.

அந்தப் பணி வரலாற்றின் பெயர் பணிப்பதிவேடு. ஊழியர்கள் 'எஸ்.ஆர்.' என்பார்கள். வேலையில் சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை என முப்பது வருட வாழ்க்கை ஒரே ஒரு தடிப் புத்தகத்தில். இடமாறுதல் ஆனால் புத்தகமும் பின்னாலேயே போகும். வழியில் தொலைந்தால், கரையான் அரித்தால், ஒரு பதிவில் கையெழுத்து விட்டுப்போயிருந்தால், அது ஓய்வு பெறும்போதுதான் தெரியவரும். இருபது வருடத்துக்கு முன் வேலை பார்த்த அலுவலகத்துக்கு அறுபது வயதில் பஸ் ஏறிப்போய் "சார், அந்தக் கையெழுத்து மட்டும்..." என்று கேட்டு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் பழைய முறையை ஏக்கத்தோடு பேச எனக்கு விருப்பமில்லை. அங்கே தாமதம் இருந்தது. யாருடைய பட்டியல் முதலில் நகரும் என்பதில் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இருந்தது. போலிப் பெயர்களில் சம்பளம் போகிற ஆபத்தும் உண்டு. டெல்லி மாநகராட்சியில் பயோமெட்ரிக் வருகைப்பதிவு வந்த பிறகு, பட்டியலில் இருந்த 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு ஆளே இல்லை என்று 2009-ல் தெரிந்தது. ஒரே தரவுத்தளம், ஒரே அடையாள எண் என்று வருவது தேவையான மாற்றம்தான்.

அப்படின்னா சிக்கல் எங்கே?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வேறு மாவட்டத்தில் இருந்த ஒரு செவிலியர், அரூர் பக்கம் சித்தேரி மலை மேலே இருக்கும் சுகாதார நிலையத்துக்கு மாறுதலில் வருகிறார். ஆணை வந்துவிட்டது, நேரில் சேர்ந்தும்விட்டார். ஆனால் மென்பொருளில் அவர் சேர வேண்டுமானால் முதலில் பழைய அலுவலகம் அவரை விடுவிக்க வேண்டும். புதிய அலுவலகத்தில் அவருக்கான பணியிடம் காலியாக இருப்பதாகக் காட்ட வேண்டும். கடைசி ஊதிய விவரம் சரியாக வந்து சேர வேண்டும். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த மாதச் சம்பளக் கணக்கில் அவர் பெயர் இருக்காது.

அவர் யாரைக் கேட்பார்? எழுத்தரைக் கேட்டால், "நான் போட்டுட்டேன்மா, சிஸ்டம் எடுக்கல." அதிகாரியைக் கேட்டால், "பழைய ஆபீஸ்ல கேளுங்க." தருமபுரியில் மாவட்டக் கருவூலத்தைக் கேட்டால், "டிக்கெட் போடுங்க." டிக்கெட் போட்டால் ஒரு எண் வரும். எண் வந்த பிறகு காத்திருக்க வேண்டும்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கஷ்டமான விஷயம். எழுத்தர் உண்மையிலேயே போட்டிருப்பார். கருவூலத்தில் இருப்பவருக்கு உண்மையிலேயே அந்தத் திரையைத் திறந்து மாற்ற அனுமதி இருக்காது. பழைய முறையில் தவறு செய்தவரும் அதைச் சரிசெய்யக்கூடியவரும் பெரும்பாலும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஏதாவது ஒரு மேஜை முன்னால் போய் நிற்கலாம். இப்போது தவறு உள்ளூரில் நடக்கிறது. திருத்தும் அதிகாரம் எங்கோ இருக்கிறது.

எல்லாப் பழியையும் மென்பொருள் மேல் போடவும் முடியாது. தற்காலிகப் பணியிடங்களுக்குத் தொடர் நீட்டிப்பு ஆணை வரத் தாமதமானதால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்ற செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அது கோட்டையில் கையெழுத்தாக வேண்டிய கோப்பு. ஆணை இல்லாவிட்டால் மென்பொருள் நிறுத்தத்தான் செய்யும். பழைய பணிப்பதிவேட்டில் இருந்த பிழையும் அப்படித்தான். புத்தகத்தில் தப்பாக எழுதிய தேதி, கம்ப்யூட்டரிலும் தப்பான தேதியாகவே ஏறும். இப்போது அது இன்னும் உறுதியான தப்பு, ஏனென்றால் "சிஸ்டத்துல அப்படித்தானே இருக்கு" என்பார்கள்.

ஒரு மலைக் கிராமத்தின் கணக்கு

தருமபுரி போன்ற மாவட்டத்தில் இதன் பாரம் கூடுதல். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப்போன படங்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்திருப்பீர்கள். அரசு என்பது அந்த மாதிரி மலைகளில் ஒரு பள்ளி, ஒரு சத்துணவுக் கூடம், ஒரு அங்கன்வாடி. இங்கே வேலை பார்ப்பவர் ஒரு திருத்தத்துக்காகக் கீழே இறங்கினால் அன்று அந்த மையத்தில் ஆள் இல்லை. ஒரு நாள் விடுப்பும் போகும், பஸ் காசும் போகும்.

இன்னொன்றும் உண்டு. மாதம் ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கு ஒரு மாதம் தாமதமானால் எரிச்சல் வரும். சத்துணவு சமையல் உதவியாளருக்கு ஒரு மாதம் தாமதமானால் மளிகைக் கடையில் கடன், குழுக் கடன் தவணைக்கு வட்டிக்கு வாங்கல். மென்பொருளுக்கு இரண்டும் ஒரே மாதிரியான 'நிலுவை'தான்.

கனடா கற்ற பாடம்

இதைவிட வசதியான நாடு ஒன்று இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது. கனடா மத்திய அரசு 2016 பிப்ரவரியில் 'ஃபீனிக்ஸ்' என்ற மையச் சம்பள முறையைத் தொடங்கியது. வருடத்துக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. துறைகளில் சம்பளம் பார்த்துவந்த அனுபவசாலிகளின் பதவிகளைக் குறைத்துவிட்டு, மிராமிச்சி என்ற சிறிய நகரத்தில் ஒரே மையத்துக்கு வேலையைக் கொண்டுபோனார்கள். விளைவு, சுமார் 2.9 லட்சம் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சம்பளத்தில் கோளாறு. சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று 2018-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் சொன்னார்.

அங்கே மென்பொருளிலும் குறை இருந்தது. ஆனால் பிழையைப் பார்த்த உடனே "இது இப்படித்தான் ஆகியிருக்கும்" என்று சொல்லத் தெரிந்த ஆட்களை, அவர்கள் தேவைப்பட்ட நேரத்தில் அனுப்பிவிட்டது அதைப் பல மடங்கு பெரிதாக்கியது.

சம்பளம் சலுகை இல்லை

கொரோனா காலத்தில் ஆந்திர அரசு சம்பளம், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செய்த வேலைக்கான சம்பளம் ஊழியரின் உரிமை என்று சொல்லி, தாமதத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோடு கொடுக்கும்படி 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணத் தட்டுப்பாட்டையே காரணமாக ஏற்காதபோது, "சிஸ்டம் எடுக்கல" என்பதை எப்படி ஏற்பது?

என்ன செய்யலாம்?

ஒன்று: சம்பளம் நின்றுபோன புகாருக்குத் தனி வரிசை வேண்டும். மற்ற டிக்கெட்டுகளோடு அது வரிசையில் நிற்கக் கூடாது. இத்தனை வேலை நாளில் தீர்க்கப்படும் என்ற கெடுவும், பொறுப்பான அதிகாரியின் பெயரும் அந்தப் புகார் எண்ணோடு சேர்ந்து வர வேண்டும்.

இரண்டு: மாவட்டக் கருவூலத்துக்குத் திருத்தும் அதிகாரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வேண்டாம். மாறுதல், விடுவிப்பு, வங்கிக் கணக்கு போன்ற அடிக்கடி வரும் நாலைந்து சிக்கல்களுக்குப் போதும். யார் திருத்தினார் என்ற தடம் மென்பொருளில் இருக்கப்போகிறது, முறைகேடு பயமும் குறைவு.

மூன்று: சிக்கல் தீரும்வரை போன மாதத் தொகையைத் தற்காலிகமாக விடுவிக்கலாம். இது புதுசு இல்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் தற்காலிக ஓய்வூதியம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஃபீனிக்ஸ் குழப்பத்தில் கனடாவும் அவசர முன்பணம் கொடுத்துத்தான் சமாளித்தது.

நான்கு: ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குச் சம்பளம் நின்றது, எத்தனை நாளில் தீர்ந்தது என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். எத்தனை லட்சம் பேருக்குச் சம்பளம் போட்டோம் என்று சொல்வது சுலபம். நின்றுபோனவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதுதான் இந்த முறைக்கான மதிப்பெண்.

"அரசு ஊழியர் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். பி.எஃப். பணம் கேட்டு, பெயரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால் நிராகரிக்கப்பட்டவர்கள் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார்கள். விரல் ரேகை பதியாமல் ரேஷன் கடையில் திரும்பி வந்த பாட்டி உங்கள் தெருவில் இருப்பார். அங்கேயும் "சிஸ்டம் எடுக்கல" என்ற அதே பதில்தான்.

சித்தேரி மலையில் இருக்கும் அந்தச் செவிலியர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மாதம் போன் பண்ணினால் எடுத்து, "நான் பார்க்கிறேன்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லக்கூடிய, அப்படிச் சொன்னதைச் செய்யவும் அதிகாரமுள்ள ஒரு ஆள். 288 கோடி ரூபாய்த் திட்டத்தில் அந்த ஒரு ஆளுக்கும் இடம் இருக்க வேண்டும்.