வாசலே மாதிரிப் புத்தகம்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் கணவருக்கு அங்கே சிப்காட்டில் வேலை. கும்பகோணத்திலிருந்து குடிபோய் ஆறு மாதம் ஆகிறதாம். "அவர் ஷிப்டுக்குப் போனபின் பொழுது போகவில்லை. ஊசியும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் பிறர் போட்ட மாதிரியைப் பார்த்துத்தான் தைக்க வருகிறது. எனக்குக் கற்பனையே கிடையாதோ?" என்று கேட்கிறார்.

சகோதரி, இன்று காலை உங்கள் வாசலில் கோலம் போட்டது யார்? நீங்கள்தானே? எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டீர்கள்? இத்தனை மாதிரிகளை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, கற்பனை இல்லை என்று சொல்லலாமா?

கர்நாடகத்தில் தார்வார் பக்கத்தில் கசூதி என்றொரு தையல் வேலை உண்டு. அதைத் தைத்த பெண்கள் மாதிரி தேடி எங்கும் அலையவில்லை. கோயில் கோபுரம், தேர், துளசி மாடம், யானை, மயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் புடைவையில் ஏற்றிவிட்டார்கள். துணியில் வரைந்துகொள்வது கிடையாது. இழையை எண்ணித்தான் தைப்பார்கள். நம் நீலகிரியில் தோடர் பெண்களும் அப்படியே. வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தைப்பார்கள்.

புள்ளி எண்ணத் தெரிந்த உங்களுக்கு இழை எண்ணுவதா பெரிய காரியம்?

முதலில் 7 புள்ளியில், நேர்கோடுகளாலான சிறு நேர்புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து போகும் சிக்குக் கோலம் பிறகு இருக்கட்டும். கட்டம் போட்ட காகிதத்தில், புள்ளிக்குப் புள்ளி 4 கட்டம் இடைவெளி விட்டு அதை வரையுங்கள். மொத்தம் 24 கட்ட அகலம் வரும். கட்டம் எண்ணித் தைப்பதற்கென்றே நெய்த மேட்டித் துணி கடையில் கிடைக்கும். ஆறு பிரியாக வரும் நூலில் இரண்டு பிரியை மட்டும் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் தைத்து ஒரு கட்டம் விட்டு, கோட்டின் முடிவு வரை போங்கள். வந்த வழியே திரும்பி, விட்ட கட்டங்களை நிரப்புங்கள். கசூதியில் இதைக் கவந்தி என்பார்கள். முடிச்சுப் போடாமல், நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே செருகிவிட்டால், துணியின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். தலையணை உறைக்கோ மேஜை விரிப்புக்கோ மிகவும் அழகு.

உங்கள் ஊரில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. அது எல்லைப்புறம். நாம் கோலம் என்பதைத் தெலுங்குக்காரர் முக்கு என்பார். கன்னடக்காரர் ரங்கோலி என்பார். காய்கறி வாங்கப் போகும்போது நாலு வாசலைப் பார்த்து நடங்கள். பிடித்ததை அந்த வீட்டம்மாளிடம் கேட்டு நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பாஷை தெரியாவிட்டால் பாதகமில்லை. புள்ளிக் கணக்கை விரலால் காட்டினால் போதும். பொழுது போகாத ஊரில் நாலு பேர் பழக்கமும் ஆகிவிடும்.

இன்றைக்கே தொடங்குங்கள் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தாயார் மார்கழி மாதத்தில் ஒரு கோலம் போடுவார். 15-லிருந்து 8 வரை ஊடுபுள்ளி, சுற்றிலும் ஆறு கிளி. தினம் பார்ப்பதுதானே என்று நான் எழுதி வைக்கவில்லை. இன்று அவர் இல்லை. புள்ளியை வைத்துவிடுகிறேன், கிளியின் கழுத்து எந்தப் புள்ளியில் திரும்பும் என்பது மட்டும் தெரியவில்லை.

வாசலில் போட்டது மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும். துணியில் தைத்தது உங்கள் பெண்ணுக்கு மிஞ்சும். தைத்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த ஆறு கிளிக் கோலம் உங்கள் தெருவில் யாருக்காவது தெரிந்திருந்தால், அதையும் கூடவே வரைந்து அனுப்புங்கள்.