கை ஓடினால் வாய் ஓடும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டொங்காலா என்றொரு சிற்றூர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஊர் ஜனத்தொகை சுமார் 2,000. அங்கே 1998 ஜூலை 26 அன்று, ஆண்கள் கூடி வேலை செய்ய ஒரு பட்டறையைத் திறந்து, டிக் மெக்கோவன் என்ற உள்ளூர்க்காரரின் பெயரைச் சூட்டினார்கள். ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரோடு தொடங்கிய முதல் பட்டறை அது. இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

யோசனை அதற்கு முன்பே முளைத்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில், மர்ரே ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கூல்வாவில், முதியோர் மையம் ஒன்றோடு சேர்த்து 1993-லேயே ‘தி ஷெட்’ தொடங்கப்பட்டது. அதற்கு முன்கை எடுத்தவர் மாக்சின் கிட்டோ என்ற பெண். முதியோருக்கான மையங்களில் தேநீர், பின்னல் வேலை, அரட்டை என்று பெண்களுக்குப் பொழுது போய்விடும். ஆண்களோ என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் சுத்தியலையும் உளியையும் கொடுத்துப் பார்த்ததுதான் கூல்வாவில் நடந்த புதுமை.

ஆஸ்திரேலிய ஆணுக்கும் வீட்டுப் பின்புறக் கொட்டகைக்கும் உள்ள உறவு அலாதியானது. மார்க் தாம்ஸன் 1995-ல் ‘ப்ளோக்ஸ் அண்ட் ஷெட்ஸ்’ என்று அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். கழன்ற நாற்காலிக் காலும் ஓடாத புல்வெட்டும் இயந்திரமும் பழைய ரேடியோவும் போய்ச் சேரும் இடம் அது. ஐம்பது வயது வரை அதன் அருமை தெரியாது. ஓய்வு பெற்று, பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்னக் குடியிருப்புக்குப் போன பிறகுதான் தெரியும். கொட்டகை போய்விட்டது; வேலையிடத்தோடு கூட்டாளிகளும் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்து உறவை அதுவரை மனைவிதான் பார்த்துக்கொண்டார் என்றால், அவர் காலமான பிறகு வீட்டுக்கு வருகிற போன் அழைப்புகூட நின்றுவிடும்.

அந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்கள். ‘மனசு சரியில்லை’ என்று டாக்டரிடம் போய்ச் சொல்லத் தயங்குகிறவர்களும் அவர்களே. கவுன்சலிங் அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, ‘சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் பலருக்கு வாய் அடைத்துப்போகும். அதே ஆள் மரப்பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மறுமுனையைப் பிடித்திருப்பவரிடம் தூக்கம் வராததையும் புராஸ்டேட் பயத்தையும் மகன் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிடுவார். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லி முடித்த பிறகு மௌனமும் உறுத்தாது, ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்கள் முகத்துக்கு முகம் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்று இந்த இயக்கத்தினர் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

வருகிறவர்கள் குழந்தைகளுக்கு மரப்பொம்மை செய்வார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து கொடுப்பார்கள், பழைய சைக்கிளைப் பழுது பார்ப்பார்கள். நடுவில் தேநீர். இயந்திரத்தைத் தொடாமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவரையும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இந்தப் பட்டறைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பல்லரட் நகரப் பேராசிரியர் பாரி கோல்டிங் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: இங்கே வருகிறவர் நோயாளியும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல, மாணவரும் அல்ல. இது நுணுக்கமான விஷயம். நல்லெண்ணத்தில் யாராவது வாசலில் ‘மனநலச் சேவை மையம்’ என்று பலகை மாட்டினால், மறுவாரமே பாதிப் பேர் வரமாட்டார்கள். 2007-ல் உருவான ஆஸ்திரேலிய மென்ஸ் ஷெட் சங்கத்துக்கும் இது தெரியும். பட்டறைக்கே போய் உடல்நலப் பரிசோதனை செய்யும் அதன் திட்டத்துக்கு ‘ஸ்பானர் இன் த வொர்க்ஸ்?’ என்று மெக்கானிக் பாஷையில்தான் பெயர். காரைச் சர்வீஸுக்கு விடுகிற மாதிரி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்கள்.

அயர்லாந்தில் கதை கொஞ்சம் வேறு. 2008 பொருளாதாரச் சரிவில் கட்டுமானத் தொழில் படுத்துவிட, வேலை செய்யும் வயதிலேயே பலர் வீட்டில் முடங்கினார்கள். 2011-ல் அங்கே தொடங்கிய சங்கத்தின் கீழ் இப்போது சின்னச் சின்ன ஊர்களில்கூடப் பட்டறைகள் நடக்கின்றன. பிரிட்டன், நியூஸிலாந்து, கனடா, டென்மார்க் என்று இயக்கம் பரவிக்கொண்டே போகிறது.

சண்டை சச்சரவு இல்லாமல் இல்லை. பெண்களைச் சேர்க்கலாமா என்பது பல ஊர்களில் தீராத வாக்குவாதம். சிலர் கதவை முழுக்கத் திறந்துவிட்டார்கள். சிலர் பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கினார்கள். சிலர் முடியாது என்றே சொல்லிவிட்டார்கள். கடுமையான மனச்சோர்வில் இருப்பவருக்குப் பட்டறை மருந்தாகாது. அவரை டாக்டரிடம் அனுப்பவும் ஆள் வேண்டும். இதற்கெல்லாம் மேலே வாடகை, மின் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்ற தொல்லை. அரசு மானியம் எல்லாச் செலவையும் தாங்காது. அதனால் ஹார்டுவேர் கடை வாசலில் அடுப்பு மூட்டி, ரொட்டியில் சாஸேஜும் வெங்காயமும் வைத்து விற்றுக் காசு சேர்க்கிறார்கள். அந்தச் சாஸேஜ் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் முறை போட்டுத்தான் வருகிறார்கள். ஒருவர் வெங்காயம் வதக்க, இன்னொருவர் சில்லறை எண்ண, பேச்சு அங்கேயும் ஓடுகிறது.