சத்தம் ஓரிடம், செலவு வேறிடம்

ஊருக்குப் போய்வரச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று நினைக்காத பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. பண்டிகை வந்துவிட்டால் பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை. ரெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் உறவுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து, ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். நானும் என் மைத்துனரும் அப்படித்தான் வாங்கினோம்.

வாங்கிய நாலாம் மாதம் முன்பக்கத்தில் "டொக், டொக்" என்று சத்தம். நெடுஞ்சாலையில் கேட்காது. அல்சூர் சந்துகளில் மெதுவாகப் போகும்போதும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும்தான் கேட்கும். ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டோம். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி இரண்டையும் மாற்றினார்கள். பதினான்காயிரம் ரூபாய் பில். வீடு வந்து சேருவதற்குள் அதே "டொக்"! திரும்பப் போனால், கீழ் ஆர்மை மாற்ற வேண்டும் என்றார்கள்.

பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டிய கதைதான். கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் மைத்துனரோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிட்டர். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. "எப்போது சத்தம் வருகிறது? பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, ரிவர்ஸ் போடும்போதா?" என்று கேட்டார். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடுகின்றனவா என்று பார்த்தார். பிறகு ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு, தெருவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தம் இல்லை! ஜே.சி. ரோட்டில் புது லிங்க் வாங்கி மாட்டினோம். ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் இருக்க முன்னால் ஒரு கம்பி உண்டு. அதைச் சக்கரத்தின் பக்கம் இணைப்பதுதான் இந்த லிங்க். அதன் முனையில் இருக்கும் குண்டு தேய்ந்தால், கிண்ணத்துக்குள் ஆடித் தட்டும். அவ்வளவுதான் விஷயம்.

யார் மேல் குற்றம்?

ஒர்க் ஷாப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நம் பக்கமும் தவறு இருக்கிறது. ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கூலி கேட்டால், "சும்மா பார்த்ததற்கு என்ன காசு?" என்கிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் வருமானம் என்றால் அவர் எதைச் செய்வார்? டாக்டருக்குப் பீஸ் கொடுக்கிற நாம், மெக்கானிக்குக்கும் பார்வைக் கூலி என்று தனியாகக் கொடுக்க வேண்டும். அது செலவல்ல, மிச்சம்.

சத்தம் சொல்லும் சேதி

வண்டி வைத்திருப்பவரும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு பள்ளத்தில் மட்டும் தட்டினால் லிங்க், புஷ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தட்டு என்றால் ஆர்ம் புஷ் அல்லது பிரேக் காலிப்பர். கியரை முன்னும் பின்னும் மாற்றும்போது அடித்தால் புரொப்பெல்லர் ஷாப்ட் ஜாயின்ட் அல்லது எஞ்சின் மவுன்ட்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. அது பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். தொப்பூர் கணவாயில் குடும்பத்தோடு இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும்? சேலம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தத்தைப் பாட்டுப் போட்டு மறைப்பவர்கள் இதை நினைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையவும் கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. ரப்பர் புஷ் மாற்றினால், வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஆறு மாதத்தில் பழைய சத்தம் திரும்ப வர இதுவும் ஒரு காரணம்.

கேட்டு வாங்குங்கள்

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வராதீர்கள். பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கவும் அது வழி செய்கிறது. ஓசூரில் பழுது பார்த்தாலும் பெங்களூரில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. வெளியூரில் இருக்கிறோம், நமக்கேன் வம்பு என்று ஒதுங்க வேண்டியதில்லை.

கடைசியாக, இந்தச் சத்தத்தின் ஆணிவேர் தெருவில்தான் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நம் சந்துகளில் இருப்பதோ கையளவு அகலத்தில் கரடுமுரடான மேடு. அதில் ஏறி இறங்கி வண்டியும் தேய்கிறது, ஆட்டோவில் போகும் கர்ப்பிணியின் இடுப்பும் நோகிறது. கார் இல்லாதவரும் இதைக் கேட்கலாம். தெருவாசிகள் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கலாமே! மெக்கானிக்கிடம் கணக்குக் கேட்கிற நாம், சாலை போட்டவரிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?