டீசல் மலிவு யார் தயவு?

பெட்ரோலை விட 8 ரூபாய் குறைவது எப்படி?

"டீசல்னா மட்டமான எண்ணெய். அதான் விலை கம்மி!"

டீக்கடை பெஞ்சுகளில் இந்தப் பேச்சு இன்றும் அடிபடுகிறது. பெட்ரோல் பங்க் போர்டைப் பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மை வேறு. போர்டில் தெரிகிற வித்தியாசம் அத்தனையும் வரி!

கணக்கைப் பார்ப்போம்.

2022 மே 22-ந் தேதி சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. டீசல் 94 ரூபாய் 24 காசு. வித்தியாசம் 8 ரூபாய் 39 காசு.

அன்று மத்திய அரசின் கலால் வரி பெட்ரோலுக்கு 19 ரூபாய் 90 காசு. டீசலுக்கு 15 ரூபாய் 80 காசு. இதிலேயே 4 ரூபாய் 10 காசு வித்தியாசம் வந்துவிட்டது.

அடுத்து தமிழக அரசின் 'வாட்' வரி. பெட்ரோலுக்கு 13 சதவீதம். அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. டீசலுக்கு 11 சதவீதம். அதோடு 9 ரூபாய் 62 காசு. கூட்டிப் பார்த்தால் பெட்ரோலில் சுமார் 22 ரூபாய், டீசலில் சுமார் 18 ரூபாய். இங்கே ஒரு 4 ரூபாய்.

ஆக, மத்திய அரசு 4, மாநில அரசு 4. எட்டும் தீர்ந்தது! மிச்சம் இருப்பது பங்க் கமிஷன் மாதிரி சில்லறை வித்தியாசங்கள்தான்.

2024 மார்ச்சில் இரண்டுக்கும் சுமார் 2 ரூபாய் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் இரண்டுக்கும் கலால் வரியை 2 ரூபாய் ஏற்றினார்கள். இரண்டு தடவையும் இடைவெளி அசையவில்லை.

ஆலையில் என்ன விலை?

மணலி ஆலையானாலும் சரி, வேறு எந்த ஆலையானாலும் சரி, ஒரே கச்சா எண்ணெயைக் காய்ச்சித்தான் இரண்டையும் எடுக்கிறார்கள். குறைந்த சூட்டில் ஆவியாவது பெட்ரோல். அதிக சூட்டில் வருவது டீசல். "எங்களுக்கு பெட்ரோல் மட்டும் போதும்" என்று எந்த ஆலையும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

டீசல் மட்டமும் இல்லை. லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலை விட எடை அதிகம். எரித்தால் கிடைக்கும் சக்தியும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

2022-ல் டெல்லி கணக்குப்படி, வரியும் கமிஷனும் சேருவதற்கு முன்னால் பெட்ரோல் சுமார் 57 ரூபாய், டீசல் சுமார் 58 ரூபாய். அசல் விலையில் டீசல்தான் ஒரு ரூபாய் கூட! இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இரண்டுக்கும் ஒரே வரி. அங்கே பங்க்குகளில் பெரும்பாலும் டீசலுக்குத்தான் விலை அதிகம்.

முந்திய டீசல்!

நம் ஊரில் ஒரு காலத்தில் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் நீக்கிய அரசு, டீசலை மட்டும் கையில் வைத்திருந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்று, நஷ்டத்தை மானியமாக ஈடுகட்டியது. 2014 அக்டோபரில் டீசலையும் அவிழ்த்து விட்டார்கள். மானியம் போனது.

அதே ஆண்டு 3 ரூபாய் 56 காசாக இருந்த டீசல் கலால் வரி, 2020 மே மாதம் 31 ரூபாய் 83 காசுக்குப் போனது. அந்த மாதமே டெல்லி அரசும் டீசல் மீதான 'வாட்' வரியை 30 சதவீதம் ஆக்கியது. விளைவு? ஜூன் 24-ந் தேதி டெல்லியில் பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் 79 ரூபாய் 88 காசு! சென்னையில் அதே வாரத்தில் டீசல் 6 ரூபாய் போல குறைவாகவே இருந்தது. ஜூலை கடைசியில் டெல்லி அரசு வரியைக் குறைத்ததும், டீசல் ஒரே நாளில் 8 ரூபாய்க்கு மேல் இறங்கியது. எண்ணெய் அதே எண்ணெய்தான். மாறியது வரி!

யாருக்குச் சலுகை?

பெட்ரோல் என்றால் காரில் போகிற பணக்காரர். டீசல் என்றால் லாரி, பஸ், உழவர் பம்புசெட். இதுதான் பழைய கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் இருந்து கோயம்பேட்டுக்கு சுமார் 450 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு 110 லிட்டருக்கு மேல் வேண்டும். 8 ரூபாய் வித்தியாசம் என்றால் ஒரு நடைக்கு 900 ரூபாய் போல மிச்சம்.

ஆனால் பெட்ரோல் போடுகிறவர் யார்? 2014-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு ஒன்று சொன்னது: நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்தைக் குடிப்பவை இரு சக்கர வாகனங்கள்! 'பணக்கார எண்ணெய்' என்று போட்ட வரியைக் கட்டுகிறவர் தாம்பரத்தில் இருந்து பாரிமுனைக்கு ஸ்கூட்டரில் வருகிற குமாஸ்தா. மாதம் 25 லிட்டர் போட்டால், 2022 கணக்கில் வரி மட்டும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பக்கத்து டீசல் பம்பில் நிற்கிற சொகுசு காருக்கோ, லாரிக்காரருக்கு என்று வைத்த சலுகை!

ஆள் பார்த்து விலை வைக்க முடியாதா? 2013 ஜனவரியில் முயன்று பார்த்தார்கள். மொத்தமாக வாங்குவோருக்கு மானியம் கிடையாது என்றார்கள். அரசு போக்குவரத்துக் கழகங்கள் அதில் மாட்டிக்கொண்டன. லிட்டருக்கு 10 ரூபாய் போல கூடுதல். தமிழ்நாட்டு அரசு பஸ்கள் என்ன செய்தன? டெப்போவை விட்டு வெளியே வந்து, கார்களோடு கார்களாக சில்லறை பங்க்கில் டீசல் போட்டன!

பம்பில் வைத்துப் பிரிப்பது நடக்காது என்பதற்கு அதுவே சாட்சி. பிரிக்க வேண்டுமானால் வண்டியில்தான் பிரிக்க வேண்டும். சொகுசு டீசல் காருக்குப் பதிவின்போதே கூடுதல் வரி போடலாம். அதில் வரும் பணத்தைக் கொண்டு பெட்ரோல் வரியில் ஒரு ரூபாயாவது குறைக்கலாம். லாரிக்காரர் சலுகையில் கை வைக்காமலே ஸ்கூட்டர்காரர் கொஞ்சம் மூச்சு விடுவார்.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்த 8 ரூபாயைத் தீர்மானிப்பது அரபு நாடும் இல்லை, மணலி ஆலையும் இல்லை. டெல்லியும் கோட்டையும்தான். கேட்க வேண்டிய இடமும் அதுதான்!