இஸ்ஹாக் என்பது யாருடைய பெயர்?



போன கிழமை தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகளுக்கு ஆண் குழந்தை கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைக்கு இஸ்ஹாக் என்று பெயர் வைக்க மருமகளுக்கு ஆசை. அது என் வாப்பாவின் பெயர். அவர் மௌத்தாகும்போது அவளுக்கு எட்டு வயது. அவர் மடியிலிருந்துதான் அலிஃப், பே ஓதப் பழகியவள்.

மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை. "கோவிச்சுக்கொள்ள வேணாம் மாமா. அது யூதன்ட பேர் தானே. காஸாவுல இவ்வளவு அநியாயம் நடக்கக்கொள்ள எப்படி மாமா அந்தப் பேரை வெக்கிற?" என்றார். கையில் போனைக் காட்டினார். அரபு அகராதியிலும் தேடியிருக்கிறார். அந்த எழுத்துக்களில் வரும் அரபுச் சொல்லுக்குத் தூரமாக்குதல் என்று பொருள் போட்டிருந்தது. "கருத்தும் நல்லா இல்லையே" என்றார்.

அவர் நல்ல பிள்ளை. ஐவேளைத் தொழுகையை விடாதவர். அந்த இடத்தில் நான் வாதம் செய்யவில்லை. ஆனால் இதே பேச்சை இப்போது ஆசிரியர் அறையிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் கேட்கிறேன். அதனால் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். நான் ஆலிம் அல்ல. தமிழ் படிப்பிக்கும் ஒரு வாத்தியார். சிறு வயதில் மத்ரஸாவில் கொஞ்சம் அரபு இலக்கணம் படித்ததோடு சரி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். இஸ்ஹாக் அரபுப் பெயர் அல்ல. ஹீப்ரு, அதாவது எபிரேய மொழிப் பெயர். இஸ்மாயீல், யஃகூப், ஸகரிய்யா, தாவூத், ஸுலைமான் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மொழியறிஞர் அல்ஜவாலீகீ, அரபில் கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் ஆகிய நான்கைத் தவிர நபிமார்களின் பெயர்கள் எல்லாம் அரபு அல்லாதவை என்பது அவர் கருத்து.

நாம் ஓதும்போதே இது தெரியும். 'இலா' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர் கஸ்ரா பெற வேண்டும். ஆனால் நாம் 'இலா இப்ராஹீமி' என்று ஓதுவதில்லை, 'இலா இப்ராஹீம' என்றுதான் ஓதுகிறோம். தன்வீனும் போடுவதில்லை. காரணம் கேட்டால், அது அஜமிப் பெயர், அரபு அல்லாத பெயர் என்று உஸ்தாத் சொல்லித் தருவார். 1400 வருடங்களாக ஒவ்வொரு ஹாபிழும் இந்த அடையாளத்தோடுதான் ஓதி வருகிறார். அந்தப் பெயர்களின் ஊரை அல்குர்ஆன் மறைக்கவில்லை.

அப்படியானால் கருத்தை அரபு அகராதியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஹீப்ருவில் 'யிட்ஸ்ஹாக்' என்றால் 'சிரிப்பான்', 'சிரிக்கிறான்' என்று பொருள். முதுமையில் பிள்ளை பிறக்கும் என்ற செய்தி கேட்டு இப்ராஹீமும் ஸாராவும் சிரித்ததை பைபிளின் ஆதியாகமம் இந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது.

இப்போது ஸூரா ஹூத் 71ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். இப்ராஹீம் நபியின் மனைவி நின்றுகொண்டிருக்கிறார், சிரிக்கிறார். அடுத்த சொல்லிலேயே இஸ்ஹாக்கைப் பற்றிய நற்செய்தி வருகிறது. சிரிப்பும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே வரும் 'ளஹிகத்' என்ற அரபுச் சொல்லும் ஹீப்ருவின் சிரிப்புச் சொல்லும் உறவுக்காரர்கள். வசனம் அதோடு முடியவில்லை. இஸ்ஹாக்குக்குப் பின்னால் யஃகூப் என்கிறது. யஃகூப் என்ற பெயரை ஆதியாகமம் குதிங்காலைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துச் சொல்கிறது. அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் பிறந்த பிள்ளை. அரபிலும் 'அகிப்' என்றால் குதிங்கால், அதே வேரிலிருந்துதான் பின்னால் வருவதைக் குறிக்கும் சொற்களும் வருகின்றன.

இஸ்மாயீல் என்றால் 'இறைவன் கேட்கிறான்'. நமது 'ஸமீஃ' என்ற சொல்லின் வேர்தான் அதன் முதல் பாதி. ஸூரா இப்ராஹீம் 39இல், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த இறைவனைப் புகழ்ந்துவிட்டு, அவன் துஆவைக் கேட்பவன் என்கிறார் இப்ராஹீம் நபி. அவரும் இஸ்மாயீலும் கஃபாவின் அத்திவாரத்தை உயர்த்தும்போது கேட்ட துஆ ஸூரா பகராவின் 127ஆம் வசனத்தில் இருக்கிறது. அங்கேயும் அல்லாஹ்வை அழைக்கும் பெயர் ஸமீஃ.

ஸூரா மர்யமுக்கு வாருங்கள். ஸகரிய்யா என்ற பெயரின் பொருள் 'இறைவன் நினைவுகூர்ந்தான்'. அவருடைய கதையை அந்த ஸூரா 'திக்ர்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. திக்ரும் அந்தப் பெயரும் ஒரே வேர். அவருடைய மகன் யஹ்யா. ஹீப்ருவில் யோஹனான், 'இறைவன் இரங்கினான்'. 13ஆம் வசனத்தில் அல்லாஹ் யஹ்யாவுக்குத் தன்னிடமிருந்து 'ஹனான்' கொடுத்ததாகச் சொல்கிறான். இரக்கம், கனிவு. இந்த 'ஹனான்' என்ற சொல் குர்ஆன் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டு மொழியும் படித்தவர்கள் பல காலமாகச் சொல்லி வருவது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் ஓதியும் கவனிக்கவில்லையே என்று இருந்தது.

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர் யோவானை அருளப்பர் என்பார்கள். அந்த 'அருள்' நம் 'ஹனான்'தான். யோசேப்பு, அதாவது நம் யூஸுப், என்றால் 'அவன் கூட்டித் தருவான்' என்று பொருள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அந்தப் பெயர் கொண்ட சூசையப்பரை 'வளன்' என்று அழைத்தார். நமது மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களில் பழைய தலைமுறையைப் பாருங்கள். ஏப்ரஹாம் அப்புஹாமி இருப்பார், தாவித் அப்புஹாமி இருப்பார். பன்சலைக்குப் போகும் பௌத்தர்கள். பறங்கியர் காலத்தில் வந்த பெயர்கள் அவர்கள் வீட்டுப் பெயர்களாகிவிட்டன. நம் பெரியவர்கள் சுலைமா லெப்பை, இஸ்மா லெப்பை என்று தம் நாவுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சரி, மாப்பிள்ளையின் முதல் கேள்விக்கு வருகிறேன். கோபம் நியாயமானது. காஸாவின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு கோபம் வராதவனுக்கு இதயம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு நபியின் பெயரில் காட்டலாமா?

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் மதீனாவின் யூதக் கோத்திரங்களோடு சண்டை நடந்தது. ஹிஜ்ரி 7இல் கைபர் போர். அடுத்த வருடம் நபியவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. என் தந்தை இப்ராஹீமின் பெயரை வைத்தேன் என்று சொன்னார்கள். யூத அறிஞராக இருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் மகனை மடியில் வைத்து யூஸுப் என்று பெயர் சூட்டியவர்களும் அவர்கள்தான். அன்னை ஸபிய்யா யூதக் குடும்பத்திலிருந்து வந்தவர். 'யூதனின் மகள்' என்று தன்னைச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் அழுதபோது, நீ ஒரு நபியின் மகள், உன் சிறிய தந்தையும் நபி, நபியின் மனைவியாகவும் இருக்கிறாய், அவர்கள் எதில் பெருமை பேச முடியும் என்று நபியவர்கள் தேற்றியதாக திர்மிதியில் வருகிறது. ஹாரூன், மூஸா (அலை) இருவரையும் அந்த வீட்டுச் சொத்தாகவே காட்டினார்கள்.

பலஸ்தீனத்தையே பாருங்களேன். அங்கே இப்ராஹீம், மூஸா, யஃகூப், இஸ்ஹாக் என்ற பெயர்கள் இன்றும் உண்டு. ஹெப்ரோனில் இருக்கும் இப்ராஹீமி பள்ளிவாசலில்தான் இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் (அலை) அடக்கமாகியிருப்பதாக நம்பப்படுகிறது. 1994 பெப்ரவரி 25, ரமழான் மாதம், ஒரு யூதக் குடியேறி உள்ளே புகுந்து சுட்டதில் தொழுதுகொண்டிருந்த 29 பேர் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகும் அந்த மக்கள் அந்தப் பள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து அவர்கள் பிடித்து வைத்திருக்கும் பெயரை, மாத்தளையில் சும்மா உட்கார்ந்துகொண்டு நாம் 'யூதன்ட பேர்' என்று எழுதிக் கொடுத்தால், அது யாருக்கு வெற்றி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அடையாள அட்டையில் நம் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியவர்களை நாம் எல்லோரும் சந்தித்தோம். பெயரை வைத்து ஆளை எடை போட்டால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே வேலையை நாமே செய்யக் கூடாது.

பெற்றோருக்குப் பிடித்த எந்த நல்ல பெயரும் வைக்கலாம். கேட்க இனிமையான புதுப் பெயர்களை நான் குறை சொல்லவில்லை. போனில் கருத்துப் பார்ப்பதும் தப்பில்லை. நபிமாரின் பெயர் என்றால் மட்டும் போனை வைத்துவிட்டு முஸ்ஹபைத் திறவுங்கள் என்கிறேன். எந்த வசனத்தில், எந்தச் சம்பவத்தின் பக்கத்தில் அந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள். கருத்து அங்கே இருக்கிறது.

பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. ஸூரா ஹூதின் அந்த ஒரு வசனத்தை மட்டும் மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன். வாப்பாவின் பெயரை வைக்காவிட்டாலும் எனக்கு மனவருத்தம் இல்லை. 'யூதன்ட பேர்' என்ற காரணத்துக்காக மட்டும் அது தவறிப் போகக் கூடாது.

நான் எழுதியதில் பிழை இருந்தால் ஆலிம்கள் கீழே திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பெயர் சூட்டு முன்பே மௌத்தாகிப் போன காஸாவின் பிள்ளைகளுக்காகவும் அவர்களின் உம்மாமாருக்காகவும் துஆ செய்யுங்கள். அல்லாஹ் கேட்கிறவன்.